உறைக்குள் எழுதியது

குஷன் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். எழுதுவாள். எங்கே என்று கேட்டால் சிரிப்பீர்கள்: சோபாவின் வயிற்றுக்குள். கடைசித் தையலைப் போட்டு மூடுவதற்கு முன்னால் காதில் செருகியிருக்கும் கறுப்பு மார்க்கர் பேனாவை எடுப்பாள். உறையின் உட்பக்கத் துணியில் தேதி போடுவாள். வைத்த பஞ்சு என்ன, வைக்க விடாத பஞ்சு என்ன, தடுத்த புண்ணியவான் யார் என்று மளமளவென எழுதித் தள்ளுவாள். அப்புறம் தைத்து மூடிவிடுவாள். எழுத்தோடு கோபமும் உள்ளே போய்விடும்.

இந்தப் பழக்கம் வந்த கதை வேடிக்கையானது. கடை திறந்த புதிதில் ஒரு பல் டாக்டரின் நாற்காலியைப் பிரித்தாள். உள்ளே வைக்கோல், பழைய பேப்பர், பாதிச் சீப்பு, ஒற்றைக் காலுறை! "எந்தப் பாவிடா இதைத் தைச்சது?" என்று நடுக்கடையில் நின்று கத்தினாள். பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? நாளைக்கு நாம் தைத்ததைப் பிரிக்கிற ஒருத்தி நம்மை இப்படித் திட்டக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அன்றிலிருந்து எந்தக் குஷனும் அவள் கையெழுத்து இல்லாமல் அந்தக் கடையை விட்டுப் போனதில்லை.

தெருமுனை வக்கீல் ஆபீஸ் சோபாவுக்குள் இப்படி எழுதியிருக்கிறது: "வக்கீல் ஐயா பழைய ஸ்பிரிங்கே போதும் என்று ஒரே அடம். பின்னால் குத்தினால் அவரையே கேட்கவும். நான் பொறுப்பில்லை." எல்லா எழுத்தும் அந்த இரண்டு சொல்லில்தான் முடியும். நான் பொறுப்பில்லை. பாவம் வக்கீல், நாலு வருஷமாக அதன்மேல் சம்மணம் போட்டுக்கொண்டுதான் கட்சிக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு இன்னொரு பெருமை, இறுக்கம். ரெக்சினை இழுத்துப் பிடித்து அவள் தைத்தால் ஒரு சுருக்கம் இருக்காது. முடித்ததும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். 'டப்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிரித்து மறுபடி தைப்பாள். அந்த வட்டாரத்தில் குஷன் தைக்கிறவர்கள் ஆறு பேர் இருந்தாலும், 'டப்' கேட்க வேண்டுமானால் அக்காவிடம்தான் வரவேண்டும். இந்த 'டப்'பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் பின்னால் அவளுக்கே வினையாக வந்தது.

கடை ஒரு பஸ் அகலம்தான். ஒரு பக்கம் தையல் மிஷின், மறுபக்கம் ஃபோம் பாளங்கள், நடுவில் வயிறு கிழிந்த சோபாக்கள். அடுத்த கடை மருந்துக்கடை. அங்கே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் அக்காவுக்கு உயிர்த்தோழி. அவள் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நேராகக் குஷன் கடைக்குத்தான் வருவாள். வந்தவள் சும்மா உட்காருவாளா? வரிசையாகக் கிடக்கும் சோபாக்களை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டுதான் உள்ளே வருவாள்.

"ஏய் வெட்டுக்கிளி! அது டாக்டர் வீட்டு சோபாடி!"

"தொடவே இல்ல அத்தை! மேலாலேயே வந்துட்டேன்!"

வெட்டுக்கிளி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பள்ளியிலும் அதுவே நிலைத்துவிட்டது. உயரம் தாண்டுவதில் அந்தப் பிள்ளையை அடிக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அடுத்த ஆண்டு மாநில அணித் தேர்வு என்று பேச்சு. அவள் அம்மாவைவிட அக்காதான் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் பள்ளியிலிருந்துதான் ஒருநாள் ஆள் வந்தது. உயரம் தாண்டும் மெத்தைக்கு உறை மாற்ற வேண்டுமாம்.

விளையாட்டுச் சாமான் அறையில் மெத்தையின் பழைய உறையைக் கழற்றியதும் அக்காவுக்குப் பகீரென்றது. அது ஒரு மெத்தை இல்லை, இரண்டு பாதி. இரண்டும் வேறு வேறு வயசு. ஓரங்கள் தேய்ந்து, நடுவில் நாலு விரல் இடைவெளி. கையை விட்டுப் பார்த்தாள், முழங்கைவரை போய்விட்டது.

"சார், இங்க பாருங்க. என் கையே உள்ள போயிடுச்சு. நடுவுல பஞ்சு வெச்சு, அடியில பெல்ட் போட்டு ரெண்டையும் இழுத்துக் கட்டணும்."

பள்ளி நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேல ஒரே உறையா போட்டா சேர்ந்துடாதா?"

"உறை மூடும் சார். சேர்க்காது."

"பஞ்சு வர மூணு வாரம் ஆகுமாம். பத்து நாள்ல இங்க போட்டி. எல்லாப் பள்ளிக்கூடத்துல இருந்தும் வர்றாங்க. பார்க்க ஒரே மெத்தையா இருக்கணும், அவ்வளவுதான். மத்ததை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

பக்கத்தில் விளையாட்டு ஆசிரியர் நின்றிருந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கழுத்தில் தொங்கிய விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ புதிதாக அச்சடித்திருக்கிற மாதிரி.

அங்கேயே ஊசியைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும். அவள் வரவில்லை. அவ்வளவு பெரிய உறையை அவள் அதுவரை தைத்ததில்லை, அத்தனை பள்ளிக்காரர்களும் பார்க்கப் போகிறார்கள் என்ற ஆசை ஒரு பக்கம் இழுத்தது. பேனாவை எடுத்து உட்பக்கத்தில் கோபத்தையெல்லாம் கொட்டி எழுதினாள். பிறகு கோணூசியை எடுத்து, நைலான் நூலை இரட்டையாகக் கோத்து, இழு இழு என்று இழுத்துத் தைத்தாள். முடித்துவிட்டு நடு மெத்தையில் ஒரு தட்டு. டப்! இடைவெளி எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

போட்டி நல்லபடியாக நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் முதுகு படத்தான் விழுந்தார்கள், முதுகு அகலமானது, இடைவெளியைத் தாண்டிப் படிந்துவிடும். அதற்குப் பிறகு மூன்றாவது வாரம், ஒரு மாலை, மருந்துக்கடைத் தோழி செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினாள். என்னவென்று கேட்பதற்குள் பஸ் ஏறிவிட்டாள்.

அக்கா கடையை இழுத்துச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெட்டுக்கிளியின் வலது முழங்கால் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே தசைநார் அறுந்துவிட்டதாம்.

"எப்படிம்மா விழுந்த?"

"விழல அத்தை. நின்னேன். கால் மெத்தைக்குள்ள போயிடுச்சு."

அக்காவுக்கு அதற்கு மேல் ஒரு சொல் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குப் பயிற்சி தொடங்கும்போது உடம்பு சூடேறுவதற்காகக் கத்தரி மாதிரிக் காலை மாற்றிப் போட்டுத் தாண்டச் சொல்லியிருக்கிறார்கள். அப்படித் தாண்டினால் முதுகில் விழ மாட்டார்கள், காலில் இறங்குவார்கள். ஒரு கால், ஒரு பாதம், நேராக அந்த நாலு விரல் இடைவெளியில். பாரம் இறங்கியதும் இரண்டு பாதியும் விலகி, உறையோடு சேர்த்துக் காலை விழுங்கி, திருகி, மறுபடி மூடிக்கொண்டன. உறை கிழியவில்லை. தையல் ஓர் இழை விடவில்லை. அக்கா தைத்த தையல் அல்லவா!

டாக்டர் சொன்னதை அம்மா அழுதுகொண்டே சொன்னாள். ஆறு வாரத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் நடக்கலாம், ஓடலாம், தாண்ட முடியாது. பள்ளி எல்லா விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் காப்பீடு எடுத்திருந்தது, அதில் அறுவை நடந்துவிடும். ஆனால் சில நாள் கழித்துப் பள்ளி எழுதி அனுப்பிய அறிக்கைதான் குறுக்கே நின்றது. அதில் இரண்டே வரி: "மாணவி ஆசிரியரின் சொல்லை மீறித் தவறான முறையில் தாண்டியதால் காயம் ஏற்பட்டது. மெத்தையில் எந்தக் குறையும் இல்லை." கூடவே, வருஷத் தொடக்கத்தில் அம்மா கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல். விளையாட்டில் ஏற்படும் காயங்களுக்குப் பள்ளி பொறுப்பில்லை என்று அதன் அடியில் அச்சடித்திருந்தது. சொல் மீறியவளுக்குக் காப்பீடு கிடையாதாம்.

"எல்லார்கிட்டயும் வாங்கினாங்க, நானும் போட்டேன். போடலைன்னா டீம்ல சேர்க்க மாட்டேன்னாங்க" என்றாள் தோழி. கல்வி அலுவலகத்துக்குப் புகார் கொடுத்திருந்தாள். அதிகாரி வந்து விசாரிப்பதற்கு நாள் குறித்தாகிவிட்டது: வியாழக்கிழமை, காலை பதினொரு மணி, பள்ளியில்.

அந்தப் படிவத்தின் கடைசி வரியை அக்கா மூன்று தடவை படித்தாள். எங்கேயோ பார்த்த வரியாக இருந்தது. எங்கே என்று புரிந்ததும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேகமாகக் கடைக்கு நடந்தாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அவள் வீட்டுக்காரர் பதறிவிட்டார். சின்ன லாரி ஒன்று வைத்துச் சாமான் ஏற்றி இறக்குகிறவர். வம்பு வருகிறது என்றால் நாலு தெரு தள்ளி லாரியை நிறுத்துகிற ஆள்.

"உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? மெத்தையைப் பிரிச்சா முதல்ல யார் மாட்டுவா? இடைவெளி இருக்குன்னு தெரிஞ்சு தைச்சவ யாரு? உன் கையெழுத்தே உனக்கு எமன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அதான் ரெண்டு நாளா வாயை மூடிக்கிட்டு இருக்கேன்!" என்று எரிந்து விழுந்தாள். உண்மையும் அதுதான். அவளுக்குப் பயம். கடை போய்விடும், பெயர் போய்விடும், தோழி முகத்தில் விழிக்க முடியாது. ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வெட்டுக்கிளியைப் பார்க்கப் போனதுகூட மனசைச் சமாதானப்படுத்தத்தான்.

பிள்ளை கட்டிலில் காலை நீட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் சரியாத்தான் இறங்கினேன். சார் சொன்ன மாதிரியேதான் தாண்டினேன்." முழங்காலைத் தடவினாள். "அப்படித்தான் நினைக்கிறேன். எல்லாரும் நான் தப்பா தாண்டினேன்னு சொல்றாங்க. தினமும் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேளை நான்தான் தப்போ?"

கால் உடைந்தால் டாக்டர் ஒட்டுவார். இதை யார் ஒட்டுவது? அக்கா எழுந்து வந்துவிட்டாள். வாசல் தாண்டியதும் வாய்விட்டு அழுதாள், கோபத்தில்தான்.

வியாழக்கிழமை விடிந்தது. பதினொரு மணிக்குப் போய் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குக் காலையிலேயே ஒரு லோடு. ஒன்பதரைக்கு" என்றார்.

"என்ன லோடு?"

"ஏதோ பழைய மெத்தையாம். குப்பைக் கிடங்குல கொண்டுபோய்க் கொட்டணுமாம்."

"எந்த இடத்துல?"

அவர் பள்ளியின் பெயரைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா சீப்பைத் தூக்கிப் போட்டாள்.

"ஏறுங்க லாரியில! நானும் வர்றேன்!"

"அடியேய், முழுசா தலையை வாரிட்டாவது..."

அரைத் தலை வாரினபடியே லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பையில் கத்தரி, பிளேடு, மார்க்கர் பேனா. பள்ளியின் சாமான் அறை வாசலில் நாலு ஆட்கள் மெத்தையைத் தூக்கி வைத்திருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவை யாரும் கவனிக்கவில்லை, லாரிக்காரர் மனைவி என்று விட்டுவிட்டார்கள். மெத்தை பாதி லாரிக்குள், பாதி வெளியே. கயிறு போட்டுக் கட்டினார்கள். "அப்படியே பின்னாடி கேட் வழியா போயிடுப்பா. மணி ஒன்பதரைதானே, அதிகாரி வர்றதுக்கு நிறைய நேரம் இருக்கு" என்றான் ஒருவன்.

ஒரு சின்னத் திருப்பம் காத்திருந்தது. அதிகாரி சீக்கிரமே வந்துவிட்டார். முன்பக்கத்தில் அரசு வண்டி நிற்பது லாரிக் கண்ணாடியில் தெரிந்தது. வலப்பக்கம் திரும்பினால் பின்வாசல், குப்பைக் கிடங்கு. இடப்பக்கம் திரும்பினால் அலுவலக வாசல்.

அக்கா கணவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "என் பிழைப்புல மண்ணு" என்று முணுமுணுத்தார். பிறகு, வாழ்நாளில் எந்த வம்புக்கும் போகாத அந்த மனுஷன், ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார் பாருங்கள்! பின்னால் நாலு ஆட்களும் "ஏ! ஏ! அந்தப் பக்கம் இல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். வகுப்பறை ஜன்னல்களில் எல்லாம் தலைகள். வாலை ஆட்டிக்கொண்டு வந்த மெத்தையோடு லாரி அலுவலகப் படிக்கட்டை ஒட்டி வந்து நின்றது.

உள்ளேயிருந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட அதிகாரி அம்மா, நிர்வாகி, விளையாட்டு ஆசிரியர், முன்னதாகவே வந்திருந்த தோழி, ஊன்றுகோலில் வெட்டுக்கிளி.

"யார் இது? என்ன கூத்து இது?" என்றார் நிர்வாகி. முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா லாரியிலிருந்து குதித்தாள். "அம்மா, நீங்க விசாரிக்க வந்த மெத்தை இதுதான். குப்பைக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. நான்தான் இதைத் தைச்சவ."

அதிகாரி நிர்வாகியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னைக்கா குப்பைக்கு அனுப்பறீங்க?"

"பழசு மேடம். பிள்ளைங்க பாதுகாப்புக்காகத்தான்..."

"குறையே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?"

நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அது அவருக்கு உதவவில்லை.

"இதைப் பிரிக்கணும். எல்லாரும் பார்க்கணும்" என்றாள் அக்கா. அதிகாரி தலையசைத்தார்.

மெத்தையைத் தரையில் இறக்கினார்கள். அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து கத்தரியைச் செருகினாள். செருக முடிந்தால்தானே! இரட்டை நைலான், அரை விரலுக்கு ஒரு தையல். தன் வேலையைத் தானே திட்டிக்கொண்டு பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. "எவ இவ்வளவு இறுக்கமா தைச்சா, சனியன்!" என்று அவள் கத்தியதும் ஜன்னல்களில் இருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். முக்கால் பக்கம் பிரிந்ததும் உறையைப் புரட்டிப் போட்டாள். கறுப்பு எழுத்து, கை அகலத்துக்கு ஒவ்வொன்றும்.

அதிகாரி குனிந்து உரக்கப் படித்தார்: "இரண்டு மெத்தைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. நடுப்பஞ்சு வைக்கணும் என்று சொன்னேன். நிர்வாகி வேண்டாம் என்றுவிட்டார். போட்டிக்குப் பார்க்க அழகாக இருந்தால் போதுமாம். விளையாட்டு சார் பக்கத்தில்தான் நின்றார். யாராவது விழுந்தால் நான் பொறுப்பில்லை." தேதியும் இருந்தது.

"வெளியாள் எழுதினது மேடம், இதெல்லாம் எப்படி..." என்று நிர்வாகி தொடங்கினார். "அது மட்டுமில்ல, கத்தரி மாதிரி தாண்டக்கூடாதுன்னு சொல்லியும் இந்தப் பொண்ணு..."

"இல்ல."

குரல் விளையாட்டு ஆசிரியருடையது. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தார். "கத்தரி மாதிரி தாண்டச் சொன்னது நான்தான். அவ ஒழுங்காத்தான் தாண்டினா. இடைவெளி இருக்கறதும் எனக்குத் தெரியும். அறிக்கையில கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன்."

"கேட்டியாம்மா?" என்று தோழி மகளைப் பிடித்து உலுக்கினாள். "நீ ஒழுங்காத்தான் தாண்டினியாம்!"

நிர்வாகி கடைசியாகப் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "பெத்தவங்க கையெழுத்து இருக்கு மேடம். பள்ளி பொறுப்பில்லைன்னு."

அதிகாரி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "விளையாட்டுன்னா அடிபடும் சார். அதுக்குத்தான் இவங்க சம்மதிச்சாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச குழியை இவங்களுக்குச் சொல்லாம மறைச்சு வெச்சுட்டு வாங்கின கையெழுத்துக்கு என்ன மதிப்பு? இவங்க எதுக்குச் சம்மதிக்கிறோம்னு இவங்களுக்கே தெரியாதே."

ஜெயித்துவிட்டோம் என்று அக்கா கையைத் தட்டப் போனாள். அப்போதுதான் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. வெட்டுக்கிளி மெத்தைப் பக்கத்தில் வந்து அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இவ்வளவும் உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும்மா."

"தினமும் உங்க கடைக்குத்தானே வந்தேன். உள்ள எழுதினா எனக்கு எப்படித் தெரியும்?"

கோபமாகக் கேட்கவில்லை அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்காவின் தட்டப்போன கைகள் அப்படியே நின்றன. நிர்வாகிக்குச் சொன்னாள், சாருக்குச் சொன்னாள், துணிக்குச் சொன்னாள். தாண்டப் போகிற பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையோ அத்தனை நாளும் அவள் கடையில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுடா கண்ணு" என்றாள். "என் தப்புதான். இன்னொண்ணும் இருக்கு. தொளதொளன்னு தைச்சிருந்தா அந்தப் பள்ளம் மேலேயே தெரிஞ்சிருக்கும். நீயே ஒதுங்கியிருப்ப. நான்தான் சுருக்கம் விழக்கூடாதுன்னு இழுத்துத் தைச்சேன். அழகு பார்த்தேன்." அதிகாரி பக்கம் திரும்பினாள். "அம்மா, அந்தக் கடைசி வரியை அடிச்சிடுங்க. என் பேரையும் சேர்த்து எழுதுங்க."

எழுதினார்கள். மூன்று பேர் பெயரும் அறிக்கையில் ஏறியது. காப்பீட்டுக்காரர்கள் நாலாவது வாரமே ஒப்புக்கொண்டார்கள், ஐந்தாவது வாரம் அறுவை முடிந்தது. நிர்வாகியின் நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். விளையாட்டு ஆசிரியருக்குச் சம்பள உயர்வு நின்றது. அக்கா ஒரு வருஷத்துக்கு எந்தப் பள்ளி வேலையையும் தொடக்கூடாது என்று கடிதம் வந்தது. அவள் அதைக் கடைச் சுவரில் ஒட்டிவைத்தாள். தோழி ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் மருந்துக்கடைச் சுவரைத் தட்டி, "டீ குடிக்கிறியா?" என்றாள். அக்கா மூன்று டீ குடித்தாள்.

அந்த ஒரு மாதத்தில் அக்கா சும்மா இருக்கவில்லை. எந்தெந்தக் குஷனுக்குள் என்னென்ன எழுதினாள் என்று நினைவுபடுத்திப் பட்டியல் போட்டாள். வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள். கணவர் லாரியை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே. "வக்கீல் ஐயா, உங்க சோபாவுல இடப்பக்க ஸ்பிரிங் போகப்போகுது" என்று வாசலில் நின்று சொன்னதும், மனுஷன் கடித்துக்கொண்டிருந்த பேனாவோடு ஒரு துள்ளுத் துள்ளினார். "நாலு வருஷமா ஏம்மா சொல்லல?" "எழுதியிருந்தேனே ஐயா!" "எங்கே?" அக்கா தலையைக் குனிந்துகொண்டு சோபாவைக் காட்டினாள். வக்கீல் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் திட்டிக்கொண்டே சிரித்தார்.

தடை முடிந்த வாரம் விளையாட்டு ஆசிரியரே கடைக்கு வந்தார். பள்ளி புது மெத்தை வாங்கியிருந்தது, இதுவும் இரண்டு பாதிதான். "உறை நீங்கதான் தைக்கணும். இந்தத் தடவை நீங்க சொல்றதுதான்" என்றார்.

நடுவில் பஞ்சு வைத்து, அடியில் மூன்று பெல்ட் போட்டு இழுத்துக் கட்டினாள். உறையின் நடுவே நீளமாக ஒரு ஜிப் வைத்தாள், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்க. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கம் விட்டுத் தைத்தாள். ஒவ்வொரு சுருக்கமும் அவள் கண்ணைக் குத்தியது, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள். பேனாவை எடுத்து எழுதினாள், வெளிப்பக்கத்தில், தூரத்திலிருந்து தெரிகிற அளவுக்கு: "தாண்டும் முன் ஜிப்பைத் திறந்து கை விட்டுப் பார். தைத்தது நான். நான் பொறுப்பு." கீழே தன் போன் நம்பர். அதைப் பார்த்துவிட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது போன் செய்து, "கையை விட்டோம், போகலை!" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

அந்த மெத்தையில் பயிற்சி தொடங்கிய முதல் நாள் அக்காவும் தோழியும் மைதான ஓரத்தில் நின்றார்கள். வெட்டுக்கிளி வந்தாள். முழங்காலில் நீளமாக ஒரு தழும்பு. நேராக மெத்தைக்குப் போனாள், ஜிப்பைத் திறந்தாள், கையை விட்டுக் குத்திக் குத்திப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. ஜிப்பை மூடினாள். அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஓடி வருவதற்காகப் பின்னால் நடந்து போனாள். கம்பி தாழ்வாகத்தான் இருந்தது.

ஓடி வந்தாள். கத்தரி மாதிரி. முதலில் ஒரு கால், அடுத்தது மறு கால்!

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தோழியின் நகம் அவள் கையில் பதிந்தது. 'பொத்'தென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"அத்தை! கண்ணைத் திறங்க!" என்று குரல் வந்தது. "நடு மெத்தையிலதான் நிக்கிறேன்!"

அக்கா கண்ணைத் திறந்தாள். அந்தப் பிள்ளை அவள் எழுதிய எழுத்தின் மேலேயே இரண்டு காலையும் ஊன்றிக் குதித்துக்கொண்டிருந்தாள்.